சுவரொட்டியை ஒட்டிய கை

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'காங்கிரஸ் கட்சியைத் தாங்கி நின்றது தலைவரின் முகமா, தொண்டர்களின் அமைப்பா?' என்ற தலைப்பில், அமைப்புதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

"காந்தி என்ற ஒரு முகம் இல்லையென்றால் காங்கிரஸ் ஏது?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார் எதிரணித் தலைவர். நானும் காந்தியடிகளிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியது ஒரே ஒரு முறை, 1924இல், பெல்காமில். 1934இல் கட்சி உறுப்பினர் என்ற நிலையையும் உதறிவிட்டு வெளியே வந்தார். பதவியை நாடாத அந்த மனிதர் கட்சிக்குச் செய்து கொடுத்தது என்ன? 1920இல், நம் சேலம் விஜயராகவாச்சாரியார் தலைமையில் நாகபுரியில் நடந்த மாநாட்டைப் பாருங்கள். 1885இல் பம்பாயில் 72 பேருடன் தொடங்கிய காங்கிரஸ், அதுவரை பெரும்பாலும் டிசம்பரில் கூடி டிசம்பரிலேயே கலைகிற படித்தவர் சபையாகத்தான் இருந்தது. நாகபுரியில் விதிகள் மாறின. மொழிவாரி மாகாணக் கமிட்டிகள், அவற்றின் கீழே மாவட்டம், தாலுகா, கிராமம் வரை கிளைகள், ஆண்டு முழுவதும் இயங்கக் காரியக் கமிட்டி. சந்தா நாலணா. உயர் நீதிமன்ற வழக்கறிஞருக்கும் அதே நாலணா, ஏர் பிடிக்கும் உழவனுக்கும் அதே நாலணா. இந்தக் கட்சியின் உயிர் அந்த நாலணாவில் இருந்தது என்று நான் மனதார நம்புகிறேன்.

சான்று வேண்டுமா? 1930 மே மாதம் காந்தியைக் கைது செய்தது அரசு. முகம் சிறைக்குள் போய்விட்டது. உப்புப் போராட்டம் நின்றதா? அப்பாஸ் தியாப்ஜி தலைமை ஏற்றார். அவரும் கைதானார். சரோஜினி நாயுடு ஏற்றார். குஜராத்தின் தாராசனா உப்பளத்தில் தொண்டர்கள் வரிசை வரிசையாகப் போய்த் தடியடியைத் தலையில் வாங்கினார்கள். விழுந்தவர்களைத் தூக்கி ஓரமாகக் கிடத்தியதும் அடுத்த வரிசை நடந்தது. நடுவர் அவர்களே, அந்த வரிசைக்குப் பெயர்தான் அமைப்பு.

அமைப்பு தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. 1939இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் 1580 வாக்குகள் பெற்று, 1377 பெற்ற பட்டாபி சீதாராமையாவை வென்ற நேதாஜியால், அமைப்பு ஒத்துழைக்காததால் அந்தப் பதவியில் நீடிக்க முடியவில்லை. அது எனக்கும் ஆறாத வருத்தம்தான்.

இனி காமராஜர். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தவர், கட்சி வேலைதான் பெரிது என்று 1963இல் நாற்காலியை விட்டு இறங்கினார். அடுத்த ஆண்டு மே 27 அன்று நேரு மறைந்தார். நாடே திகைத்து நின்றபோது, அகில இந்தியத் தலைவராக இருந்த காமராஜர் முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் கலந்து பேசினார். ஒரு வாரத்துக்குள் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். 1966இல் சாஸ்திரியும் மறைந்தார். இந்த முறை போட்டி வந்தது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. எண்ணிப் பார்த்தார்கள், முடிவை ஏற்றார்கள்.

"1971இல் இந்திராவின் முகம் 352 இடங்களை வென்றதே" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் 1969இல் காங்கிரஸ் பிளந்த பிறகு கட்சிக்கு உள்ளே நடந்ததையும் பாருங்கள். முதலமைச்சர் யார் என்பது டெல்லியில் முடிவானது. 1992இல் திருப்பதியில் காரியக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தபோது, அதற்கு முன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உட்கட்சித் தேர்தலே நடந்திருக்கவில்லை! விளைவை உத்தரப் பிரதேசத்தில் பாருங்கள். 1984 மக்களவைத் தேர்தலில் காங்கிரசுக்கு அங்கே 85க்கு 83 இடங்கள். 2014இல் 80க்கு 2. நேரு, இந்திரா குடும்பத்தின் சொந்த மாநிலம் அது. முகத்துக்கு அங்கே என்ன குறை? வாக்குப்பதிவு நாளன்று சாவடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மேசையைப் போட்டு, வாக்காளர் பட்டியலை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பாட்டி, உங்கள் பெயர் இதோ" என்று சீட்டு எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஊருக்கு ஊர் அந்த மேசைகள் காணாமல் போயின.

"அமைப்பைக் கட்டிய காமராஜரே 1967இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றாரே!" என்று கேட்டீர்கள். 1285 வாக்கு வித்தியாசம். எனக்கும் வலிக்கிறது. ஆனால் அவரை வீழ்த்தியது எது? கிராமம் கிராமமாகக் கிளைக் கழகமும் படிப்பகமும் வைத்திருந்த இன்னொரு அமைப்பு. கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருந்த சுவரொட்டிதான் வென்றது என்பீர்கள். அந்தச் சுவரொட்டிக்கு இரவெல்லாம் பசை காய்ச்சி, வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஒட்டியவர்கள் யார் என்று எதிரணி சொல்லட்டும், நடுவர் அவர்களே.