பெண்டில்டன்: நடுவே முறிந்த எண்ணெய்க் கப்பல்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் என்னும் நிலமுனைக்கு அப்பால், ஒரே புயலில், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் சில மணி நேர இடைவெளியில் நடுவே முறிந்து இரண்டிரண்டு துண்டுகளாயின. ஒன்று பெண்டில்டன், மற்றொன்று ஃபோர்ட் மெர்சர். இரண்டு கப்பல்களிலுமாக 84 பேர் இருந்தனர். அவர்களில் 70 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 14 பேர் இறந்தனர். இந்த மீட்புப் பணி கடலோரக் காவல் படையின் வரலாற்றில் பெருமையோடு நினைக்கப்படுகிறது. பல ஆண்டுகள் உலோகவியல் கற்பித்தவன் என்பதால், மீட்பைப் பற்றிச் சொல்வதோடு, அந்தக் கப்பல்கள் ஏன் முறிந்தன என்பதையும் உங்களிடம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அன்று இரவு 36 அடி நீளமுள்ள ஒரு மரப்படகு அதே அலைகளுக்குள் சென்று முழுதாகத் திரும்பி வந்தது; 500 அடிக்கும் மேல் நீளமுள்ள எஃகுக் கப்பலோ அன்று விடியும் முன்பே இரண்டாகிவிட்டது. புயலை மட்டும் குற்றம் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

பெண்டில்டன், டி-2 என்று பெயரிடப்பட்ட வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் எண்ணெய்க் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. மூழ்கடிக்கப்படும் வேகத்தைவிடக் கட்டும் வேகம் அதிகமாக இருந்தால்தான் போரைத் தொடர முடியும் என்ற நிலை அமெரிக்காவுக்கு ஏற்பட்டது. அதுவரை கப்பலின் எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, துளையிட்டு, ரிவெட் எனப்படும் தறையாணிகளை அடித்து இணைப்பதே வழக்கம். அதற்குக் காலமும் தேர்ந்த கைகளும் வேண்டும். அதனால் தகடுகளை வெல்டிங் முறையில் பற்றவைத்து இணைக்கும் வழிக்குக் கட்டுந்துறைகள் பெருமளவில் மாறின. ஆண்டுக் கணக்கில் நடந்த வேலை மாதக் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் முடிந்தது. 1944இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், கைசர் நிறுவனத்தின் ஸ்வான் ஐலண்ட் கட்டுந்துறையில் பெண்டில்டன் கட்டி முடிக்கப்பட்டது.

அதே கட்டுந்துறையில் அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்கெனெக்டடி என்ற டி-2 கப்பல் சோதனை ஓட்டத்தை முடித்துக்கொண்டு வந்து துறையில் கட்டப்பட்டிருந்தது. 1943 ஜனவரி 16ஆம் நாள் இரவு, அலையோ காற்றோ இல்லாத அமைதியான நீரில் நின்ற அந்தப் புத்தம்புதிய கப்பல், நெடுந்தொலைவு கேட்ட பேரோசையோடு, மேல்தளத்திலிருந்து இரு பக்கச் சுவர்கள் வழியாக ஏறக்குறைய அடிப்பகுதி வரை வெடித்துப் பிளந்தது. அடித்தகடு மட்டுமே இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அந்த இரவில் பழி போடுவதற்குப் புயல் எதுவும் இல்லை.

எஃகு வளையும், இழுபடும், எளிதில் உடையாது என்றுதான் நாம் நினைக்கிறோம். வெப்பமான நாட்டில் வாழும் நமக்கு அந்த எண்ணம் பெரும்பாலும் பொய்ப்பதுமில்லை. ஆனால் எஃகின் இந்த இயல்பு வெப்பநிலையைச் சார்ந்தது. ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனால், அதே எஃகு இழுபடுவதை விட்டுவிட்டு மண்பானை போல நொறுங்கத் தொடங்குகிறது. அந்த எல்லை எங்கே விழும் என்பதை எஃகில் கலந்துள்ள கந்தகம், பாஸ்பரஸ், கார்பன், மாங்கனீசு ஆகியவற்றின் அளவு பெரிதும் தீர்மானிக்கிறது. போர்க்கால அவசரத்தில் வார்க்கப்பட்ட தகடுகள் பலவற்றில் அந்த எல்லை, குளிர்காலக் கடல்நீரின் வெப்பநிலையை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் அறிஞர், குற்றம் வெல்டிங்கில் மட்டும் இல்லை, எஃகிலேயே இருக்கிறது என்பதை ஆய்ந்து காட்டினார். எஃகின் இந்தக் குணத்தைக் கண்டறியும் சோதனை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் அவர் பெயரையே முதலில் சொல்வது என் வழக்கம்.

வெல்டிங்கின் பங்கு வேறுவிதமானது. தறையாணி அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விரிசல் கண்டால், அது அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். அடுத்த தகடு தனித் தகடு, விரிசல் அதற்குள் தாவ வழி இல்லை. பற்றவைத்த கப்பலோ முழுவதும் ஒரே எஃகுத்துண்டு போன்றது. சதுரமான திறப்பின் மூலையிலோ சரியாகப் பற்றவைக்கப்படாத ஓரிடத்திலோ தொடங்கும் மயிரிழை விரிசல், குளிர்ந்த எஃகில் தடையின்றி ஓடி, கண்ணிமைக்கும் நேரத்தில் கப்பலையே சுற்றி வந்துவிடும். 1946இல் அமெரிக்க அரசின் விசாரணைக் குழு, போர்க்காலத்தில் கட்டப்பட்ட 4,694 வணிகக் கப்பல்களைக் கணக்கில் எடுத்தபோது, அவற்றில் 970 கப்பல்களில் விரிசல்கள் பதிவாகியிருந்தன. டி-2 கப்பல்களின் உடலில், விரிசல் வந்தால் ஓரிடத்தில் நிற்கட்டும் என்று, தறையாணியால் இணைத்த எஃகுப் பட்டைகளைப் பிற்காலத்தில் பொருத்தினார்கள். பழைய முறையில் இயல்பாகவே இருந்த பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

பெண்டில்டனிலும் முன்னறிகுறி இருந்தது. 1951 ஜனவரியில் அதன் எண்ணெய்த் தொட்டிகளைப் பிரிக்கும் உட்சுவர் ஒன்றில் மூன்று கிளையாகப் பிரிந்த விரிசல் காணப்பட்டது, அது சரிசெய்யப்படவில்லை. ஓராண்டு கழித்து, 1952 பிப்ரவரி 12ஆம் நாள், மண்ணெண்ணெயையும் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயையும் ஏற்றிக்கொண்டு, லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜிலிருந்து பாஸ்டன் நகரை நோக்கிக் கப்பல் புறப்பட்டது. வெதுவெதுப்பான தெற்குக் கடலிலிருந்து உறைபனி கொட்டும் வடக்குக் கடலுக்குப் போகும் அந்தப் பயணத்தில், மைல் ஏற ஏறத் தகடுகளும் குளிர்ந்துகொண்டே வந்திருக்கும்.

17ஆம் நாள் இரவு பாஸ்டனுக்கு அருகே வந்த கப்பல், பனிப்பொழிவில் வழி தெரியாததால் துறைக்குள் நுழையாமல் வெளியே காத்திருந்தது. வடகிழக்கிலிருந்து வீசிய காற்று வலுத்து, அதை கேப் காட் முனைக்கு அப்பால் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. நீண்ட கப்பல் ஒன்றின் இரு முனைகளையும் இரண்டு பேரலைகள் தாங்க, நடுப்பகுதி தாங்கலின்றித் தொங்கினால், அடித்தகடு இழுபடும். ஒரே அலை நடுவில் தூக்க, முனைகள் தொங்கினால், மேல்தளம் இழுபடும். சிறு படகு அலையின் மேலேறி இறங்கிவிடுவதால் அதற்கு இந்த இழுப்பு இல்லை. இப்படி மாறி மாறி இழுக்கப்பட்ட பெண்டில்டன், 18ஆம் நாள் விடியும் முன், ஏறத்தாழ 5 மணி 50 நிமிடத்துக்கு முறிந்தது.

முன்பாதியில் கப்பல் தலைவர் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் உட்பட எட்டுப் பேரும், பின்பாதியில் 33 பேரும் இருந்தனர். வானொலிக் கருவி முன்பாதியில் இருந்தது. அதற்கு மின்சாரம் தரும் எந்திரங்கள் பின்பாதியில் இருந்தன. கப்பல் முறிந்த நொடியில் முன்பாதி இருண்டது, பின்பாதி ஊமையானது. உதவி கேட்டு ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. காலையில் அபாயச் செய்தி அனுப்ப முடிந்த ஃபோர்ட் மெர்சரை நோக்கியே மீட்புக் கப்பல்களும் விமானமும் விரைந்தன. இன்னொரு கப்பலும் முறிந்து மிதக்கிறது என்பது, பிற்பகலில் சாட்டம் என்ற சிற்றூரின் மீட்பு நிலைய ரேடாரில் இரண்டு பொருள்கள் தென்பட்ட பிறகும், விமானம் ஒரு முறிந்த உடலின்மேல் பெண்டில்டன் என்ற பெயரைப் படித்த பிறகும்தான் தெரியவந்தது. அதற்குள் ஒரு முழுப் பகல் கழிந்திருந்தது. பின்பாதியில் தலைமை எந்திரப் பொறியாளர் ரேமண்ட் சைபர்ட் பொறுப்பேற்று, ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் உதவியால், அந்தப் பாதிக் கப்பல் மணல் திட்டில் மோதாதபடி பார்த்துக்கொண்டார். தான் கற்ற தொழிலை ஒருவர் அதற்குமேல் எப்படிப் பயன்படுத்த முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மாலையில் சாட்டத்திலிருந்து சி.ஜி. 36500 என்ற மரப்படகு புறப்பட்டது. அதில் பெர்னார்ட் வெபர், ஆண்ட்ரூ ஃபிட்ஸ்ஜெரால்ட், ரிச்சர்ட் லிவ்சி, எர்வின் மாஸ்கி ஆகிய நால்வர் இருந்தனர். மாஸ்கி அந்த நிலையத்தைச் சேர்ந்தவர் அல்லர். வேறொரு பணியிடத்துக்குப் போக அங்கே காத்திருந்தவர், தாமாக முன்வந்து ஏறினார். சாட்டத்தின் மணல் தடுப்பில் அலைகள் படகைத் தூக்கி எறிந்தன. முன்கண்ணாடி உடைந்தது, திசைகாட்டி அடித்துச் செல்லப்பட்டது. படகு ஆடிய ஆட்டத்தில் எரிபொருள் ஓட்டம் தடைபட்டு எஞ்சின் அடிக்கடி நின்றது. ஒவ்வொரு முறையும் ஆண்ட்ரூ ஃபிட்ஸ்ஜெரால்ட் உள்ளே ஊர்ந்து சென்று அதை மறுபடி இயக்கினார். திசை தெரியாத இருட்டில் பின்பாதியின் அருகே வந்து சேர்ந்ததும், மேலிருந்தவர்கள் நூலேணியைத் தொங்கவிட்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கத் தொடங்கினர். கப்பலின் சுவரில் மோதாமல், அதே நேரம் ஏணியை விட்டு விலகாமல், வெபர் ஒவ்வொருவருக்காகவும் படகைத் திரும்பத் திரும்ப அருகே கொண்டுவந்தார். 32 பேர் ஏறினர். ஒருவர் மட்டும் நீரில் விழுந்து, படகுக்கும் கப்பலுக்கும் இடையே சிக்கி இறந்தார். 36 அடிப் படகில் இப்போது 36 பேர். திசைகாட்டி இல்லாமல், காற்றையும் அலையையும் பின்னால் வைத்து நிலத்தை நோக்கிச் செலுத்திய வெபருக்கு, சற்று நேரத்தில் சிவப்பு மிதவை விளக்கு ஒன்று தெரிந்தது. அது சாட்டம் துறைமுகத்துக்கு வழிகாட்டும் விளக்கு. மீன்பிடித் துறையில் ஊர்மக்கள் காத்திருந்தனர்.

முன்பாதியை அன்றிரவே மற்றொரு படகு அணுகியது. அங்கே தெரிந்த ஒருவர் நீரில் விழ, எட்டிப் பிடிப்பதற்குள் அலை கொண்டுபோனது. அந்த எட்டுப் பேரில் எவரும் உயிர் பிழைக்கவில்லை. 36500 படகில் சென்ற நால்வருக்கும் உயிர்காப்புக்கான தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. 36500 படகு செப்பனிடப்பட்டு, கேப் காட்டின் ராக் ஹார்பர் துறையில் இன்றும் நீரில் மிதக்கிறது. ஃபோர்ட் மெர்சரின் பின்பாதியை இழுத்துவந்து, புதிய முன்பாதியோடு இணைத்து, சான் ஹசிண்டோ என்று பெயரிட்டுக் கடலுக்கு அனுப்பினார்கள். 1964இல் அந்தக் கப்பலும் இரண்டாக முறிந்தது.

வணக்கம்.