கொப்பியின் ஓரத்தில் ஒரு திருத்தம்

வணக்கம், நேயர்களே.

சில வருடங்களுக்கு முன்பு, என்னிடம் படித்த ஒருவர் பதவி உயர்வுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். அப்போது அவரும் விரிவுரையாளர். ஒரு கிராமத்துக்கு மூன்று வருடமாகப் போய்வந்து, அங்கிருந்த அண்ணாவியாரோடு, அதாவது கூத்துப் பழக்கும் ஆசானோடு சேர்ந்து, ஆட ஆளில்லாமல் நின்றுபோன ஒரு வடமோடிப் பாணிக் கூத்தைத் திரும்பவும் களரி என்ற ஆடுகளத்தில் ஏற்றியவர். படிவத்தில் ஆய்விதழின் பெயர், தொகுதி, பக்கம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "சேர், கூத்தை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?" என்று கேட்டார்.

கேட்ட அந்த நிமிடம் என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்விக்காகத்தான்.

நாடகம், ஓவியம், கண்காட்சி, இசை ஆகியவற்றையும் ஆய்வின் விளைவாக ஏற்றுக்கொண்ட நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியா 2010இல் நடத்திய தேசிய ஆய்வு மதிப்பீட்டில் மேடை நிகழ்ச்சிக்கும் இடம் இருந்தது. கூடவே ஒரு சிறு குறிப்பு எழுதவேண்டும்: எந்தப் பின்னணியில் இதைச் செய்தீர்கள், புதிதாக என்ன சேர்த்தீர்கள், அதன் முக்கியத்துவம் என்ன. பிரிட்டன் இன்னும் ஒரு படி போனது. அங்கே 2014 மதிப்பீட்டில் 20 வீதத்தை ஆய்வின் தாக்கத்துக்கென ஒதுக்கினார்கள். 2021இல் அது 25 வீதமானது. பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே யாருக்கு என்ன மாறியது, அதற்கு ஆதாரம் என்ன என்பதுதான் அவர்கள் கேட்பது. எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு கைதட்டினார்கள் என்று மட்டும் சொன்னால் போதாது.

சரி, இது நமக்குப் புதிதா? பேராசிரியர் சு. வித்தியானந்தனை நினைத்துப் பாருங்கள். லண்டனில் பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கூத்துத்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் 'மனமே'யை மேடையேற்றி, சிங்கள நாடகத்துக்குத் தன் மரபிலிருந்தே ஒரு வழி உண்டு என்று காட்டினார். அதே வளாகத்தில் இருந்த வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திரும்பினார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை'. விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஆட்டத்தையும் மத்தளத்தையும் சல்லரி என்ற தாளத்தையும் விடாமல், படித்த நகரத்து ஆட்களின் முன் கொண்டுவந்து வைத்தார்.

இதன் தாக்கத்தை எப்படிக் காட்டுவது? அன்று மண்டபம் நிறைந்திருந்தது என்று எழுதலாம். எனக்கு அது பெரிய ஆதாரமாகத் தெரியவில்லை. 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய மாணவனைத்தான் நான் பின்தொடர்ந்து போவேன். அந்த மாணவர் சி. மௌனகுரு. பிறகு அவர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், அதே 'இராவணேச'னைத் தன் மாணவர்களை வைத்து மறுபடி மேடையேற்றினார். மேடையில் கால் பழகிய ஒருவர் அதையே தன் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார் என்றால், அது பெயரும் ஆண்டும் சொல்லி நிறுவக்கூடிய தாக்கம்.

அதோடு கதை முடியவில்லை. கூத்தின் களரி வட்டமானது. சனம் நாலு பக்கமும் சுற்றி இருக்கும். கூத்தர் பாடிக்கொண்டே சுழன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் முகம் காட்டுவார். ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்ததும் அந்தக் கால்கள் ஒரே பக்கத்தைப் பார்த்து ஆடவேண்டியதாயிற்று. கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்தது சரியா என்ற கேள்வி பின்னால் பலமாக எழுந்தது. நாடகக்காரர் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்பு சீலாமுனையில் கூத்தை அதன் களரியிலேயே, ஊர்ச்சனத்தோடும் அண்ணாவிமாரோடும் பேசிப்பேசி மீளுருவாக்கம் செய்ய இறங்கினார்கள். பழைய பிரதிகளில் பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் இருப்பதை அப்படியே ஆடலாமா என்றும் கேட்டார்கள். என் பார்வையில் இந்த வாதமும் வித்தியானந்தன் செய்த வேலையின் தாக்கம்தான். அவர் அதைச் செய்திராவிட்டால் இந்தக் கேள்வியே இவ்வளவு கூர்மையாக வந்திருக்காது. தாக்கம் என்றால் புகழுரை மட்டும் என்று நினைத்து மறுப்புகளை மறைப்பவர், தன்னிடம் இருக்கும் நல்ல ஆதாரத்தைத் தானே தூக்கி எறிகிறார்.

கலை ஆய்வு செய்யும் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பழகத் தொடங்கும் முதல் நாளே ஒரு கொப்பியும் தொடங்குங்கள். யார் வந்தார், யார் நின்றுவிட்டார், எந்தப் பாட்டு ஏன் மாறியது, யார் சொல்லி மாறியது, எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதுங்கள். கூத்து விடிந்ததும் கலைந்துவிடும். ஐந்து வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதுவது ஆதாரமாக நிற்காது.

அந்த விரிவுரையாளரிடம் அப்படி ஒரு கொப்பி இருந்தது, நல்ல காலம். மழையில் நனைந்து மட்டை உப்பிப்போன கொப்பி. புரட்டிக்கொண்டு போனோம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி வெட்டப்பட்டு, மேலே வேறு சொல் எழுதியிருந்தது. பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, "என்ர அப்பா இதை இப்பிடிப் படிக்கிறேல்லை" என்று சொல்லிப் பாடிக் காட்டினாராம். அண்ணாவியாரும் அதுதான் சரி என்று ஏற்றுக்கொண்டாராம். அச்சில் எங்குமே இல்லாத ஒரு சொல், அந்தப் பென்சில் எழுத்தில் இருந்தது.

"போன வருடம் என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. "போன வருடமும் ஆடினார்கள், சேர். எனக்குச் சொல்லவே இல்லை. அவர்களே பழகி, அவர்களே காசு சேர்த்து ஆடி முடித்திருக்கிறார்கள். பிறகுதான் கேள்விப்பட்டேன்."

படிவத்தோடு இணைக்க ஒரு தனித்தாள் எடுத்தோம். அதில் முதல் வரியாக அதைத்தான் எழுதினோம். நன்றி, வணக்கம்.