சங்கு ஊதும் நகரங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டிஸ்டோபியப் படங்கள் என்று ஒரு வகை இருக்கிறது. நாளை வரப்போகும் ஓர் உலகம். அங்கே ஆட்சியோ எந்திரமோ மனிதர்களை அடக்கி வைத்திருக்கும். ஒருவன் மட்டும் திமிறுவான். இந்தப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே செட்டு, கிராபிக்ஸ், வானத்தை முட்டும் கட்டடம் என்று கண்ணுக்குத் தெரிவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறு எண்ணம். பார்க்கிறவனுடைய வயிற்றைக் கலக்குவது அந்தக் கட்டடம் இல்லை, அங்கே கேட்கும் குரல். வானொலிக்காக இதைச் சொல்லவில்லை. பாலக்காட்டுப் பக்கம் பிலிம் சொசைட்டித் திரையிடல்களில் மர நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குள் ஊறிய எண்ணம் இது.

இந்தப் படங்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. ஒரு சோதனைச்சாவடி கட்டாயம் வரும். வரிசை, கம்பிவேலி, காகிதத்தைப் புரட்டும் கை, எங்கிருந்தோ பேசும் ஒலிபெருக்கி. தமிழ்நாடு-கேரள எல்லையில், வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வாளையாரிலும் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020இல், கொரோனா காலத்தில், பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லையில் நின்றவர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்! முகம் தெரியாத ஒரு குரல் ‘தள்ளி நில்லுங்க’ என்று சொன்னதும் உடம்பு தானாகத் தள்ளி நிற்கும். அந்தத் தானாக நிற்பதைத்தான் இயக்குநர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழக்கம், நாயகன் பெரும்பாலும் அந்த ஆட்சியிடமே சம்பளம் வாங்குகிறவனாக இருப்பான். வெளியே இருந்து குதித்த வீரன் அல்ல. அதனால்தான் அவன் மாறும்போது நமக்கும் உறைக்கிறது.

முதலில் மெட்ரோபோலிஸ். ஃபிரிட்ஸ் லாங் எடுத்து 1927இல் வெளிவந்த ஜெர்மன் படம். பேசாப் படம்! பேசாப் படத்தில் ஒலி ஏது என்று கேட்பீர்கள். தொழிலாளர்கள் பூமிக்கு அடியில், முதலாளிகள் மேலே. தொடக்கத்திலேயே ஷிப்ட் மாறும் காட்சி. ஊதல் வாயிலிருந்து நீராவி பீறிட்டு வருவதைத் திரை முழுக்க அடைத்துக் காட்டுகிறார் லாங். கோயம்புத்தூர் பக்கம் மில் சங்கு கேட்டு வளர்ந்தவர்களே, அந்த நீராவியைப் பார்த்ததும் உங்கள் காதில் சங்கு ஊதும். தலை குனிந்த தொழிலாளர் கூட்டம் ஒரே தாளத்தில் நடந்து போகிறது. சுவரில் பன்னிரண்டுக்குப் பதில் பத்து மணி நேரம் மட்டுமே உள்ள கடிகாரம். ஒருவனை அடிப்பதைக் காட்டவில்லை, மிரட்டுவதைக் காட்டவில்லை. தாளம் போதும்.

சரி, என் மனசுக்கு நெருக்கமான படத்துக்கு வருகிறேன். ஃபாரன்ஹீட் 451. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1966இல் ஆங்கிலத்தில் எடுத்தது. அந்த நாட்டில் புத்தகம் வைத்திருப்பது குற்றம். தீயணைப்பு வீரர்களுக்கு அங்கே தீயணைக்கும் வேலை இல்லை, புத்தகங்களைக் கொளுத்துகிற வேலை. நாயகன் மோன்டாக் அவர்களில் ஒருவன். படிக்கத் தடையுள்ள உலகம் அல்லவா, அதனால் படத்தின் தொடக்கத்தில் எழுத்தே கிடையாது. நடித்தவர் பெயர், இயக்கியவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு குரல் வாசிக்கிறது. திரையில் வெறும் தொலைக்காட்சி ஆன்டெனாக்கள்.

எங்கள் ஊர் வாசகசாலையில் இதைப் போட்டபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், ‘டைட்டில் எங்கப்பா, பிலிம் சுருள் மாறிப்போச்சா?’ என்று சத்தம் போட்டார். ஆபரேட்டர் எழுந்து பெட்டியைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குள் மோன்டாக் செய்தித்தாள் விரிக்கும் காட்சி வந்தது. தாள் முழுக்கப் படம்தான், ஓர் எழுத்துகூட இல்லை. அந்தப் பெரியவர் முன்வரிசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். புத்தக அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதைப் பார்த்தோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே படத்தில் மோன்டாக்கின் மனைவி லிண்டா. வீட்டுச் சுவரில் பெரிய தொலைக்காட்சி. நாடகத்தில் பேசுகிறவர்கள் நடுவில் நிறுத்தி, திரும்பிப் பார்த்து, ‘லிண்டா, நீ என்ன நினைக்கிறாய்?’ என்கிறார்கள். அவள் பதில் சொல்லவும் சில நொடி தருகிறார்கள். என்ன சொன்னாலும் நாடகம் அதன் போக்கில் போகும். ஆனால் தன்னைக் கேட்டார்களே என்று அவள் முகம் பூரித்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பயங்கரமான காட்சி இந்த வகைப் படங்களில் குறைவு. ஒலிபெருக்கி அதட்டினால் எதிர்க்கத் தோன்றும். அன்பாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்?

கடைசியில் காட்டுக்குள் ஒரு கூட்டம். ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பனி கொட்டுகிறது, அவர்கள் சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள். மனப்பாடம் செய்து புத்தகத்தைக் காப்பாற்றுவது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பதுண்டு. பாலக்காட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். நம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடத்தும் புலவர்கள் கம்பராமாயணப் பாட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு இரவிரவாகச் சொல்கிறார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்கு. எதிரே சில நாள் ஆளே இருக்காது. பகவதி கேட்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். தமிழ்க் கம்பன் மலையாள மண்ணில் இத்தனை தலைமுறை இருந்தது இப்படித்தான். த்ரூஃபோவின் காட்டைப் பார்த்தபோது கூத்துமாடத்து எண்ணெய் வாசனைதான் எனக்கு வந்தது.

நேரம் ஓடிவிட்டது. ‘ஆல்ஃபாவில்’ (Alphaville) என்ற படத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். 1965இல் பிரெஞ்சு இயக்குநர் கொதார் எடுத்தது. துப்பறியும் படத்தின் கோட்டும் தொப்பியுமாக நாயகன் வருகிறான். செட்டே போடவில்லை, அன்றைய பாரீஸின் கண்ணாடிக் கட்டடங்களை ராத்திரியில் படம்பிடித்து எதிர்கால நகரம் என்றார், நாம் நம்புகிறோம். காரணம், நகரை ஆளும் கணிப்பொறியின் கரகர குரல். தொண்டைக் கருவி வைத்துப் பேசிய ஒரு மனிதரின் குரல் அது. அப்புறம், 2006இல் வந்த சில்ட்ரன் ஆஃப் மென். வெட்டே இல்லாமல் நீளும் காட்சிகளுக்காக அதைப் புகழ்வார்கள். தொடக்கத்தில் காபிக் கடையில் குண்டு வெடித்ததும் காதில் ‘கீ’ என்று ஓர் இரைச்சல் நிற்கும், அதைக் கவனியுங்கள். மலையாளத்தில் 2024இல் வந்த ககனாசாரி, ஆவணப்படம் எடுப்பதுபோலவே நாளைய கேரளத்தைக் காட்டுகிறது. அதற்குத் தனி உரையே வேண்டும்.

ஒன்றே ஒன்று பார்க்க நேரமுண்டு என்றால் கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த லா ஜெத்தே பாருங்கள். 28 நிமிடம்தான். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்கள். ஒரே ஓர் இடத்தில், தூங்கி எழும் பெண் கண் திறக்கும்போது மட்டும் படம் அசைகிறது. மற்றதெல்லாம் கதை சொல்லும் குரலும், நாயகனை வைத்துச் சோதனை நடத்துகிறவர்களின் கிசுகிசுப்பும். முதல் தடவை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த தடவை திரும்பி உட்காருங்கள்.

நன்றி, வணக்கம்.