நோட்டுல பேர் இருக்கு

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச விட்டிருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். சரி, நாலு கை தெரிகிறது. நான் தப்பாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

ஆடி பிறந்தால் அந்தப் பக்கம் மொய் விருந்து தொடங்கிவிடும். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. விருந்துதான் விசேஷமே. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்போடு சோறு போடுவார்கள். செலவைப் பங்கு போட்டுக்கொண்டு பலர் ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு. வருகிறவர் முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்வார், அதற்கு மேலே கொஞ்சம் போடுவார். மேலே போட்டது புதுக் கணக்கு. ஒருமுறை வைத்தவர் மறுபடி வைக்க ஐந்து வருடம் போல ஆகும். ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேரும். கோடியைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுவார், இன்னொருவர் கடை வைப்பார், இன்னொருவர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார்.

பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி என்று ஒன்றும் பேசுவதில்லை. வங்கியில் ஐம்பதாயிரம் கேட்டுப் பாருங்கள், கையெழுத்துப் போட்டே விரல் வலிக்கும். இங்கே ஒரு நோட்டும் ஒரு பேனாவும். அப்படியும் பணம் திரும்பி வருகிறது. எப்படி?

“தின்னுட்டுத் திருப்பிச் செய்யல” என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பயந்து மனைவியின் தோட்டை அடகு வைத்தாவது மொய் செய்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் ஊர் ஒருவரையும் முகத்துக்கு நேரே திட்டிவிடுவதில்லை. டீக்கடையில் லேசாக ஒரு பேச்சு. அப்புறம் அவர் வீட்டு விசேஷத்துக்குப் பந்தியில் இலை போட்டிருக்கும், உட்கார ஆள் இருக்காது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். வராதவனை என்ன செய்ய முடியும்?

மெச்சுவதற்கும் ஊரிடம் ஒரு கருவி உண்டு. மைக். “தாய்மாமன் பத்தாயிரத்து ஒண்ணு” என்று ஒலிபெருக்கி அலறும்போது மாமாவின் முதுகைக் கவனியுங்கள், அரை அங்குலம் நிமிரும். மைக் இல்லையென்றால் மாமா எவ்வளவு செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் மாமாக்கள் இருக்கிறார்கள், ஒருவர் மூன்றாவது வரிசையில்.

2018 நவம்பரில் கஜா புயல் அந்த மண்ணின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. ஒரு தென்னை காய்க்க வருடக்கணக்காகும். ஆனால் தென்னை விழுந்தவரின் பேர் நோட்டிலிருந்து விழவில்லை. “நாலு பேர் பேச்சுக்காக வாழாதே” என்று மேடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த வசனம் பிடிப்பதில்லை. பணமுடை வந்தால் கைகொடுப்பது அதே நாலு பேர்தான். கழுத்தை நெரிப்பதும் அவர்கள்தான், அதையும் மறைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, இதே நீளத்தில் இந்த மூன்றில் எது என்று கேட்டார். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். சொல்லிவைத்தாற்போல் தப்பான கோட்டையே காட்டினார்கள். மாட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்கள் முன்னாலேயே அந்தக் கதி. சம்பந்தி, பங்காளி, பக்கத்து வயல்காரர் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் பந்தலில் நம் நிலைமை என்ன?

அதே சோதனையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், மற்றவருக்கும் துணிச்சல் வந்துவிட்டது. நம் ஊரில் அந்த ஒருவர் யாரென்றால், பத்திரிகையில் ‘மொய் தவிர்க்கவும்’ என்று அச்சடிக்கிறவர். நல்ல மனிதர்தான். ஆனால் ஊர் அவரை மெச்சிவிடுமா? “அவருக்கென்னப்பா, இருக்கு” என்று ஒரு குரல். “இனி நமக்கும் செய்யமாட்டார்போல” என்று இன்னொன்று. இதைவிடப் பெரிய சங்கடம், அவரிடம் முன்பு வாங்கியவர்களுக்கு. திருப்ப வழியே இல்லாமல் காலத்துக்கும் கடன்காரராக நிற்க வேண்டுமா? அதனால் கை குலுக்கும்போதே கவரைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். அப்பா போன பிறகு அவருடைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1994இல் அப்பா ஒரு வீட்டுக்கு 201 ரூபாய் செய்திருக்கிறார். திரும்பி வந்ததற்குக் குறிப்பு இல்லை. “இதையெல்லாம் விட்டுடலாம்மா” என்றேன். அம்மா முறைத்தாள். “விட்டா அவங்களுக்குத்தாண்டா கேவலம்.”

ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுப் பையன் வந்தான். பையன் என்ன, நாற்பது வயது இருக்கும். அவன் அப்பாவும் இப்போது இல்லை. “எங்கப்பா பேரு உங்க நோட்டுல இருக்காமே பெரியம்மா” என்று 1,001 ரூபாயை வைத்தான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய வரியை அடித்தாள், காப்பி கொடுத்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, உண்மையாகவே.

அவன் எழுந்தபோதுதான் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்தான். தை மாதம் மகளுக்குக் காதணி விழா. அம்மா நோட்டை மறுபடி திறந்து, நாங்கள் அவனுக்குச் செய்ய வேண்டிய 800 ரூபாயை எழுதினாள்.