கிளினிக் கொப்பியும் ஒரு சாட்சி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கர்ப்பிணிப் பெண்கள் மீது இழைக்கப்படும் வன்குற்றங்களையும் அவற்றை விசாரணையாளர்கள் துலக்கும் முறைகளையும் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டிருந்தார்கள். இந்த நேரத்தில் வீட்டில் சிறுவர்களும் வானொலி கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் காயங்களை விபரிப்பதை இயன்றவரை தவிர்க்கிறேன். இறந்தவர்களின் பெயர்களையும் சொல்லப் போவதில்லை.

இந்தக் குற்றம் நெடுங்காலம் கணக்கிலேயே வராமல் இருந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1993 முதல் 1998 வரை, கர்ப்ப காலத்திலோ கர்ப்பம் முடிந்து ஓராண்டுக்குள்ளோ இறந்த 247 பெண்களின் ஆவணங்களை ஆராய்ந்து 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. குருதிப்போக்கோ உயர் குருதியமுக்கமோ முதலிடத்தில் இருக்கும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். முதலிடத்தில் நின்றது கொலை. அவ்வாறு இறந்தவர்கள் 50 பேர். மரணச் சான்றிதழை மட்டும் பார்த்தால் அந்தப் பெண்களுட் பலர் கர்ப்பிணிகள் என்பதே தெரியாது. பிறப்புப் பதிவுகளையும் பிரேத பரிசோதனை அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. ஆகவே, இளம் பெண் ஒருவர் சந்தேகத்துக்கிடமாக இறந்திருக்கையில், அவர் கர்ப்பிணியா, எத்தனை வாரம், அது யார் யாருக்குத் தெரிந்திருந்தது என்ற மூன்று கேள்விகளையும் முதல் நாளே கேட்காத விசாரணை, குற்றத்தின் காரணத்தையே தவறவிட்டு விடக்கூடும் என்பது என் கருத்து.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் சட்ட வைத்திய அதிகாரி விடை தருகிறார். கருப்பையைத் திறந்து பார்க்காத பிரேத பரிசோதனை முழுமையானதன்று. சிசுவின் வயதைக் கணிக்க மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பழைய வாய்பாடு ஒன்று உண்டு: 28 நாள் கொண்ட மாதமாக எண்ணி, ஐந்தாம் மாதம் வரை மாதத்தின் எண்ணை அதே எண்ணாற் பெருக்கினால் சிசுவின் நீளம் சென்ரிமீற்றரில் கிடைக்கும்; அதன் பின்னர் 5ஆற் பெருக்க வேண்டும். நான்கு மாதச் சிசு 16, ஏழு மாதச் சிசு 35. உடல் சிதைந்து எலும்பு மாத்திரமே எஞ்சியிருந்தாலும் தொடை எலும்பின் நீளம் வயதைச் சொல்லும். அதன் கீழ் முனையில் எலும்பாகும் புள்ளி தோன்றியிருந்தால் ஏறத்தாழ 36 வாரம் கடந்துவிட்டது எனலாம். இது வெறும் கணக்கு விளையாட்டன்று. வயது தெரிந்தால் கருவுற்ற காலம் தெரியும். அந்தக் காலத்தில் கணவர் வெளிநாட்டில் இருந்தாரா, வேறொருவர் அந்த வீட்டுக்கு வந்து போனாரா என்ற விசாரணை அங்கிருந்து தொடங்கும். சிசுவின் மரபணு தந்தை யார் என்பதை ஐயமின்றிக் காட்டும். தந்தை என்பதனால் மட்டும் ஒருவர் கொலையாளி ஆகிவிட மாட்டார் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

எங்களைப் பெரிதும் ஏமாற்றுவது வெளியே தழும்பில்லாத வயிறு. வயிற்றில் விழுந்த உதையினால் நச்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்து, உள்ளே குருதி பெருகி, தாயும் பிள்ளையும் ஆபத்துக்குள்ளாகியிருக்கும். தோலிலோ அடிபட்டுக் கன்றிய கண்டல் ஒன்றும் இராது. வீட்டார் "படியில் சறுக்கி விழுந்துவிட்டா" என்பார்கள். விழுந்தவருக்குப் பெரும்பாலும் முழங்கால், முழங்கை, உள்ளங்கை போன்ற நிலத்தில் முட்டும் இடங்களில் அடையாளம் இருக்கும். அடியைத் தடுத்தவருக்கு முன்கையில் இருக்கும். பிடித்து உலுக்கப்பட்டவருக்கு மேற்கையில் விரல் பதிந்த வட்டக் கண்டல்கள் இருக்கும். வெவ்வேறு நாட்களில் ஏற்பட்ட கண்டல்கள் ஒரே உடலிற் காணப்பட்டால், ஒரே ஒரு விழுகை என்ற கதை நிற்காது.

மூன்றாவது கேள்விக்கு விடை பிணவறையில் இல்லை. நம் இலங்கையில் ஏறத்தாழ எல்லாக் கர்ப்பிணிகளும் தாய்மார் கிளினிக்கிற் பதியப்படுகிறார்கள். குடும்ப நல உத்தியோகத்தரான மருத்துவிச்சி வீட்டுக்கும் வந்து போகிறார். அவரை இன்னும் 'மிஸ்ஸி' என்றழைக்கும் வீடுகள் உண்டு. கிளினிக் கொப்பியில் நிறை, குருதியமுக்கம், வராமல் விட்ட திகதிகள் எல்லாம் இருக்கும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு முறை வராமல் விட்டது ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால், அக்கம்பக்கத்தார் வாய் திறப்பார்கள். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்தவர் தம் மரணத்தின் காரணம் பற்றியோ அதற்கு இட்டுச்சென்ற சூழ்நிலை பற்றியோ சொன்னவற்றைச் சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. தாதியிடம் சொன்ன ஒரு வாக்கியமும் அவ்வாறு நீதிமன்றம் வரை வரக்கூடும்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியவில்லை. கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில், தமிழ் மட்டுமே அறிந்த ஒரு தாயார் தம் மகளின் மரணம் பற்றிச் சொன்னவை சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளக்கப்படாமலே ஒப்பமிடப்பட்டிருந்தன. 'மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்' என்று அவர் சொன்னது, 'மகளுக்கு வயிற்றுவலி இருந்தது' என்று ஆகியிருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் ஒரு வழக்கே மூழ்கிப் போகும். தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்துக் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம்.

வெளிநாட்டு வழக்குகள் இரண்டைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 16 அன்று மிசூரி மாநிலத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் கொல்லப்பட்டு, சிசு எடுத்துச் செல்லப்பட்டது. நாய்க்குட்டி வாங்குவதாக இணையத்திற் பொய்ப் பெயரில் வந்த செய்திகளைக் கணினி வழியே பின்தொடர்ந்த புலனாய்வாளர்கள், மறுநாளே கன்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் குழந்தையை உயிருடன் மீட்டார்கள். குற்றவாளி, தாம் கர்ப்பிணி என்று ஊரை நம்ப வைத்திருந்த பெண். இத்தகைய குற்றத்தில் முதலில் தேட வேண்டியது, பிரசவித்ததாகச் சொல்லியும் கிளினிக் பதிவு எதுவும் இல்லாத ஒருவரைத்தான்.

மற்றையது 2018இல் கொலராடோவில் நடந்தது. மனைவியும் இரு மகள்மாரும் காணாமற்போனதாகக் கணவர் தொலைக்காட்சியில் உருகிப் பேசினார். மனைவி அப்போது 15 வாரக் கர்ப்பிணி. அயல் வீட்டுக் கமெரா அதிகாலையில் கணவரது வாகனத்தைக் காட்டிக்கொடுத்தது. பொலிஸ் நிலையத்தில் தம் தந்தையிடம் மனைவியைக் கொன்றதை ஒப்புக்கொண்டார். உடல்கள் இருந்த எண்ணெய்க் கிணற்றுப் பகுதியை வான்படத்தில் குறித்துக் கொடுத்தார். நம் நாட்டில் பொலிஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலும், நீதவான் முன்னிலையில் அல்லாது காவலில் இருக்கையில் செய்த ஒப்புதலும் அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம், 26ஆம் பிரிவுகளின்படி ஒப்புக்கொண்டவருக்கெதிராகச் செல்லாது. அந்தத் தகவலைக் கொண்டு கண்டெடுத்த பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டுமே 27ஆம் பிரிவின்படி செல்லும். இதைத் தடையென்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. என்னைக் கேட்டால், அடித்து வாங்கிய வாக்குமூலத்தை விட அயல் வீட்டுக் கமெராவை நான் நம்புவேன்.

தண்டனைச் சட்டக்கோவையின்படி கருப்பையில் உள்ள சிசுவின் மரணம் கொலை ஆகாது. ஆனால் தாயின் சம்மதமின்றிக் கருவைச் சிதைப்பவருக்கு 304ஆம் பிரிவு 20 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. தாயைத் தாக்கி, அசைவு தோன்றிய சிசுவின் உயிரைப் போக்குவதை 307ஆம் பிரிவு தனிக் குற்றமாகக் கொள்கிறது. சிசுவின் வயது அறிக்கையில் இல்லாவிட்டால் அந்தப் பிரிவுகளைக் குற்றப்பத்திரத்திற் சேர்ப்பது கடினம். மகளோ மருமகளோ இறந்த வீட்டில், அவரது கிளினிக் கொப்பியை உடுப்புகளோடு சேர்த்து எரித்துவிடாமல், பெட்டிக்குள்ளும் வைத்துவிடாமல், சட்ட வைத்திய அதிகாரியிடம் கையளியுங்கள். உயிரோடிருந்து அடிவாங்கிக்கொண்டிருப்பவருக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

நன்றி, வணக்கம்.