டெலிட் ஆன போட்டோ திரும்ப வருமா? சுவத்துக்குள்ள பைப் இருக்கு, போட்டோதான் இல்ல!

வணக்கம் மக்களே! இன்னிக்கு வீடியோ ஒரு கண்ணாடியில இருந்து ஆரம்பிக்குது. இதோ, எனக்குப் பின்னாடி தரையில சாஞ்சு நிக்குதே, அதேதான். இதை பாத்ரூம் சுவத்துல மாட்டணும். டிரில் மெஷினைக் கையில எடுத்தாச்சு, பென்சில்ல புள்ளியும் வச்சாச்சு. அப்பதான் உறைச்சது, இந்தச் சுவத்துக்குள்ள தண்ணி பைப் போகுதே, எந்தப் பக்கமா போகுது?

அதுக்குத்தான் நான் முன்னாடியே ஒரு புத்திசாலித்தனம் பண்ணி வச்சிருந்தேன். வீட்டு வேலை நடந்தப்போ, பூச்சு பூசறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்துல டேப்பை விரிச்சுப் பிடிச்சு அளவு தெரியற மாதிரி போட்டோ எடுத்தேன். மொத்தம் 42. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டிப் பெருமை வேற. சரி, எடுத்துப் பாப்போம்னு கேலரியைத் திறந்தா ஒண்ணையும் காணோம்.

என்ன ஆச்சுன்னா, முந்தின வாரம் போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்தது. உக்காந்து ஸ்கிரீன்ஷாட்டு, காலை வணக்கம் படம், பாக்கெட்ல இருக்கும்போது தானா எடுத்த படம்னு இழுத்து இழுத்து செலக்ட் பண்ணி அழிச்சேன். பூசாத சுவத்தைச் சின்னக் கட்டத்துல பாத்தா எப்படி இருக்கும் சொல்லுங்க? சாம்பல் கலர்ல ஒண்ணுமே புரியாது. ஏதோ கை பட்டு எடுத்ததுன்னு அதையும் சேத்துத் தூக்கிட்டேன். அதோட விட்டேனா? இவ்வளவு அழிச்சும் இடம் காலியாகலையேன்னு டிரேஷ்குள்ள போய் அதையும் எம்ப்டி பண்ணேன். டிரேஷ்ல கிடக்கற வரைக்கும் படம் போன்லயேதான் இருக்கும், இடத்தையும் பிடிக்கும். அதனாலதான் அழிச்ச உடனே இடம் வராது. அது தெரிஞ்சேதான் எம்ப்டி பண்ணேன். சொந்தச் செலவுல சூனியம்.

நீங்க என்னை மாதிரி டிரேஷைக் காலி பண்ணலன்னா உங்களுக்கு இந்த வீடியோ ரெண்டே நிமிஷம்தான். கூகுள் போட்டோஸ் வச்சிருக்கீங்களா, கலெக்‌ஷன்ஸ்னு ஒரு பகுதி இருக்கும், பழைய வெர்ஷன்ல அதுக்கு லைப்ரரின்னு பேரு. அதுக்குள்ள டிரேஷ், சில போன்ல "பின்"னு இருக்கும். பேக்கப் ஆன படம் அதுல 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாத படம் 30 நாள். இந்த வித்தியாசத்தை நல்லா மனசுல வச்சுக்கோங்க, போன மாசந்தானேன்னு அசால்ட்டா இருந்து ஏமாந்தவங்க நிறைய. சாம்சங் கேலரியில ரீசைக்கிள் பின் தனியா இருக்கு, அதுவும் 30 நாள். ஐபோன்ல ரீசன்ட்லி டெலிட்டட். ஐஓஎஸ் 16ல இருந்து அந்த ஆல்பமே பூட்டித்தான் இருக்கும், ஃபேஸ் ஐடியோ பாஸ்கோடோ கேக்கும். எண்ணிக்கையே வெளிய தெரியாததால காலியா இருக்குன்னு நினைச்சுத் திரும்பிடாதீங்க, திறந்து பாருங்க.

ஒரு ஆப்ல அழிச்சது இன்னொரு ஆப்போட டிரேஷ்ல தெரியணும்னு அவசியம் இல்ல. எதுல அழிச்சீங்கன்னு ஞாபகம் இல்லன்னா கேலரி, கூகுள் போட்டோஸ், ஃபைல் மேனேஜர் மூணுலயும் பாருங்க. ஆர்க்கைவ், ஹிடன் இந்த ரெண்டையும் எட்டிப் பாருங்க. எங்க அக்கா ஒரு தடவை பதறிப் போய் போன் பண்ணா, கடைசில படம் ஆர்க்கைவ்ல சமத்தா உக்காந்திருந்தது.

சரி, டிரேஷ்லயும் இல்ல. இப்ப என்ன பண்ணுவோம்? நான் பண்ணதைச் சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. போட்டோ ரெக்கவரின்னு தேடி, வந்ததுல ஒரு ஆப்பை இறக்கினேன். பேரு சொல்லப் போறதில்ல, அது மாதிரி நூறு இருக்கு, எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. டீப் ஸ்கேன்னு ஒரு பெரிய வட்டம் சுத்துச்சு. சுத்தி முடிச்சு 3,800 போட்டோ கிடைச்சுதுன்னு சொல்லிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தா, கேலரியில ஏற்கெனவே உயிரோட இருக்கற படம், ஸ்டிக்கரு, ஏதோ ஆப் சேத்து வச்ச ஐகானு. நடுவுல தபால்தலை சைஸ்ல ஒரு சுவரு! பெருசு பண்ணா, டேப்ல இருக்கற நம்பரு ஒண்ணும் தெரியல. அது படம் இல்ல, கேலரி சீக்கிரம் காட்டறதுக்காகச் செஞ்சு வச்சிருந்த தம்ப்நெயில். இதை முழு சைஸ்ல தரணும்னா பணம் கட்டுன்னு வேற கேட்டுச்சு. இல்லாத படத்தை எந்த சைஸ்ல தருவாங்க?

ஏன் இப்படின்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா உங்க நேரமும் காசும் மிச்சம்.

பழைய காலத்து மெமரி கார்டுல ஒரு ஃபைலை அழிச்சா, வாசல்ல இருக்கற பேர்ப்பலகையைக் கழட்டற மாதிரி. ஆள் வீட்டுக்குள்ளயேதான் இருப்பாரு. புதுசா யாராவது குடி வர்ற வரைக்கும் தேடிப் பிடிக்கலாம். போன்ல உள்ளயே இருக்கற மெமரி அப்படி இல்ல. ஆண்ட்ராய்டு 7ல ஃபைல் பேஸ்டு என்க்ரிப்ஷன்னு ஒண்ணு வந்தது, அதாவது சாவி இல்லாம யாரும் படிக்க முடியாத மாதிரி ஃபைலைப் பூட்டி வைக்கறது. ஆண்ட்ராய்டு 10ஓட வெளிவந்த போன்ல இருந்து அது கட்டாயம். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனிச் சாவி. ஐபோன்லயும் அப்படித்தான். ஃபைலை நிரந்தரமா அழிக்கும்போது அந்தச் சாவிக்கான தகவலும் சேந்து போயிடுது. பத்தாததுக்கு, இந்த இடம் இனிமே வேண்டாம்னு போன் மெமரி சிப்புக்குச் சொல்லிடும். டிரிம்னு பேரு. சிப்பு தனக்கு நேரம் கிடைக்கறப்போ அந்த இடத்தைத் துடைச்சு வச்சிடும். பேர்ப்பலகையும் போச்சு, சாவியையும் உருக்கியாச்சு, வீட்டையும் கழுவி விட்டாச்சு. இதுக்கு அப்புறம் ஒரு ஆப் வந்து என்னத்தைத் தேடும்?

போனை ரூட் பண்ணா, அதாவது போனோட முழுக் கட்டுப்பாட்டையும் நம்ம கையில எடுத்தா, கிடைக்கும்னு சிலர் சொல்லுவாங்க. அதுக்கு முதல்ல, போன் ஆன் ஆகும்போது ஓடற பூட்லோடருங்கற புரோகிராமோட பூட்டைத் திறக்கணும். திறக்கும்போதே போன் மொத்தமும் ரீசெட் ஆயிடும். தொலைஞ்ச 42 போட்டோவைத் தேடப் போய் இருக்கறதையும் இழக்கறதுக்கு நான் தயாரா இல்ல.

[பின்னாடி டிரில் சத்தம்]

மன்னிச்சுக்கோங்க, மேல் வீட்டுல ஏதோ மாட்டறாங்க. அவங்க சுவத்துல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, கொடுத்து வச்சவங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு, மெமரி கார்டு. உங்க கேமரா ஆப் படத்தை நேரா எஸ்டி கார்டுல சேமிச்சிருந்ததுன்னா நல்ல வாய்ப்பு இருக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். தெரிஞ்ச அந்த நொடியே போட்டோ எடுக்கறதை நிறுத்துங்க. போனை ஆஃப் பண்ணுங்க, கார்டைக் கழட்டுங்க. இனிமே அந்தக் கார்டுல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது, அதான் கணக்கு. கார்டு ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல செருகுங்க. ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க.

அப்புறம் ஃபோட்டோரெக்னு ஒரு சாஃப்ட்வேர். கிறிஸ்டோஃப் கிரெனியேன்னு ஒருத்தர் எழுதினது, இலவசம், ஓப்பன் சோர்ஸ். டெஸ்ட்டிஸ்க்னு இன்னொண்ணோட சேந்து வரும். திறந்தா கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து, பாத்துப் பயந்துடாதீங்க. அது ஃபைல் பேரையெல்லாம் நம்பாது, கார்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சுக்கிட்டே போகும். ஜேபெக்ங்கற வகைப் படம் எதுவா இருந்தாலும், கம்ப்யூட்டர் படிக்கற குறியீட்டுல எஃப்எஃப், டி8, எஃப்எஃப்னு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். அந்த ஆரம்பத்தைப் பாத்தா, ஆகா, இங்க ஒரு படம் இருக்குன்னு வெட்டி எடுக்கும். அதனால பழைய பேரு வராது, எஃப்னு ஆரம்பிச்சு ஒரு நீள நம்பரோட வரும். நீங்கதான் உக்காந்து பிரிக்கணும். சில படம் பாதிக்குக் கீழ சாம்பலா வரும். அந்தப் பாதி இருந்த இடத்துல வேற ஏதோ எழுதியாச்சுன்னு அர்த்தம், இல்லன்னா அந்தப் படம் துண்டு துண்டாக் கிடந்திருக்கும். கிடைச்சதைக் கம்ப்யூட்டர்ல சேமிங்க, அதே கார்டுல திரும்ப எழுதினீங்கன்னா கிடைக்க வேண்டியதை நீங்களே மூடின மாதிரி.

கார்டை இன்டர்னல் ஸ்டோரேஜா மாத்தி வச்சிருந்தீங்கன்னா இதெல்லாம் நடக்காது. அப்ப அந்தக் கார்டும் என்க்ரிப்ட் ஆயிருக்கும், கம்ப்யூட்டருக்கு வெறும் குப்பையாத்தான் தெரியும்.

என் போன்ல கார்டு போடற இடமே கிடையாது. பேக்கப்? அது ஒரு தனி சோகம். கூகுள் இலவசமாத் தர்ற 15 ஜிபி இடம் நிறைஞ்சு, பேக்கப் நின்னு ரெண்டு மாசம் ஆகியிருந்தது. மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேத்துத்தான் அந்த 15. 2021 ஜூன் 1ல இருந்து ஏத்தற ஒவ்வொரு படமும் அதுலதான் கழியுது. பேக்கப் நின்னுடுச்சுன்னு போன் சொல்லிக்கிட்டேதான் இருந்தது, நான்தான் தினமும் தள்ளித் தள்ளி விட்டேன்.

பேக்கப் பேச்சு வந்ததால ஒண்ணு. கூகுள் போட்டோஸ்ல ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு இருக்கறதும் டெலிட்டும் ஒண்ணு இல்ல. ஃப்ரீ அப், பேக்கப் ஆன படத்தைப் போன்ல இருந்து மட்டும் எடுக்கும், கிளவுட்ல இருக்கும். டெலிட் அழுத்தினா ரெண்டு இடத்துலயும் போகும். ஐகிளவுட் போட்டோஸும் அதே மாதிரி, ஐபோன்ல அழிச்சா ஐபேட்லயும் போயிடும். கிளவுட்ல இருக்கேன்னு தைரியமா போன்ல அழிக்கறவங்க இங்கதான் மாட்டிக்கறாங்க.

ஒரு நாள் முழுக்கப் போனைக் குடைஞ்சிட்டு, ராத்திரிதான் வேற மாதிரி யோசிச்சேன். இந்தப் போட்டோ என் போனை விட்டு எங்கயாவது வெளிய போச்சா? யாருக்காவது அனுப்பினேனா? அனுப்பினேனே! வேலை நடந்தப்போ பாதி நாள் நான் ஆபீஸ்ல, பிளம்பர் அண்ணன் வேற சைட்ல. இது சரியா, அந்த வளைவு போதுமான்னு கேக்கறதுக்காக வாட்ஸ்அப்ல அனுப்பிக்கிட்டே இருந்தேன்.

இங்க ஒரு நல்ல விஷயம் இருக்கு. ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப், நீங்க அனுப்பற படத்துக்கு ஒரு நகல் செஞ்சு தனியா வச்சுக்கும். கேலரியில இருக்கற ஒரிஜினலை அழிச்சாலும் அந்த நகலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கேலரியில அது தெரியாது, மறைச்சு வச்சிருப்பாங்க. ஃபைல் மேனேஜரைத் திறந்து ஆண்ட்ராய்டு, அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள காம் டாட் வாட்ஸ்அப், அப்புறம் வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் இமேஜஸ், கடைசியா சென்ட். மாமியார் வீட்டுப் பீரோ மாதிரி உள்ள உள்ள போய்க்கிட்டே இருக்கும். அங்க ஐஎம்ஜி, ஒரு தேதி, அப்புறம் டபிள்யூஏன்னு பேரு இருக்கும். அந்தத் தேதி அனுப்பின நாள், எடுத்த நாள் இல்ல.

திறந்தேன். சாம்பல் சாம்பலா சுவரு! இவ்வளவு அசிங்கமான படத்தைப் பாத்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அளவு குறைஞ்சிருந்தது, வாட்ஸ்அப் அனுப்பும்போதே சுருக்கிடும். ஆனா டேப்ல இருக்கற நம்பரைப் படிக்க முடிஞ்சது, எனக்கு அது போதும். 29 படம் அங்கயே கிடைச்சது.

மிச்சத்துக்கு பிளம்பர் அண்ணனுக்கே போன் பண்ணேன். "தம்பி, நீங்க அனுப்பினது எதையும் நான் அழிக்கறதே இல்ல, எனக்கு எப்படி அழிக்கறதுன்னும் தெரியாது"ன்னாரு. அந்த மனுஷன் போன்ல இருந்து இன்னொரு 8. ஆக 37. வெறும் டெலிட் பண்ணத் தெரியாததால ஒருத்தர் என் வீட்டுக்கே பேக்கப்பா இருந்திருக்காரு பாருங்க.

அதனால உங்க போட்டோவும் டிரேஷ்ல இல்லன்னா, போனை நோண்டறதை விட்டுட்டு யார்கிட்டப் போச்சுன்னு யோசிங்க. மெயில்ல அட்டாச் பண்ணியிருந்தா சென்ட் மெயில்ல இருக்கும். டெலிகிராம்ல அனுப்பியிருந்தா அவங்க சர்வர்லயே சாட்டோட இருக்கும், யாரும் அழிக்காத வரைக்கும். பழைய போன் டிராயர்ல கிடக்கா? சார்ஜ் போட்டுப் பாருங்க, ஆனா வைஃபை வேண்டாம், ஏரோபிளேன் மோட்ல வச்சுத் திறங்க. நெட் கிடைச்ச உடனே அதுவும் கிளவுடோட பேசி, அங்க அழிஞ்சதை இங்கயும் அழிச்சிடலாம். லேப்டாப்புக்கு எப்பவாவது கேபிள் போட்டு மாத்தியிருந்தா அந்த ஃபோல்டரையும் பாருங்க. விசேஷ வீட்டுப் படம்னா கேக்கவே வேண்டாம், குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க, நீங்க மறந்த படமும் சேந்து வரும்.

இப்ப நீங்க கேப்பீங்க, 37 கிடைச்சாச்சே, கண்ணாடி ஏன் இன்னும் தரையில நிக்குதுன்னு.

கிடைக்காத அந்த 5 படமும் இந்த பாத்ரூம் சுவருதான். அந்த வேலை நடந்த அன்னிக்கு நான் லீவு. அண்ணன் என் பக்கத்துலயே நின்னாரு. கேமராவைத் திருப்பிக் காட்டினேன், தலையை ஆட்டினாரு, அவ்வளவுதான். அனுப்ப வேண்டிய தேவையே வரல.

அவர்கிட்டயே கேட்டுட்டேன், பைப் எந்தப் பக்கம் போகுதுன்னு. "வால்வுல இருந்து நேரா மேல தம்பி, நான் கோணலாப் போட மாட்டேன்." நிச்சயமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "டிரில்லரை எடுக்கறதுக்கு முன்னாடி மெயின் வால்வை மூடிக்கோங்க"ன்னாரு.