சந்தேகங்களுக்கு விளக்கம்: மூன்று நிரல்களுக்கு மேல் ஓடாமல் கோப்புப் பூட்டால் தடுப்பது எப்படி?

வணக்கம். வெள்ளவத்தையில் தனியார் கல்வி நிலையமொன்றின் கணினிகளைப் பராமரிக்கும் நேயர் ஒருவர் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். வகுப்புகளின் வீடியோப் பதிவுகளை எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் நிரல் மூலம் சிறிய கோப்புகளாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை, அவருடைய லினக்ஸ் சேர்வரில், குறித்த நேரங்களில் வேலைகளைத் தொடக்கும் க்ரொன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொடக்கிவிடுகிறது. உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் பதிவுகள் குவிந்து, பத்துப் பன்னிரண்டு நிரல்கள் ஒன்றாக ஓடி, நினைவகம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கேர்னலே அவற்றில் ஏதாவதொன்றைக் கொன்றுவிடுகிறது. ஆகவே மூன்றுக்கு மேல் ஓடாமல் தடுக்க, ஓடுகின்றவற்றின் எண்ணிக்கையை அவர் ஒரு கோப்பில் எழுதி வைத்து, தொடங்கும்போது ஒன்றைக் கூட்டியும் முடியும்போது ஒன்றைக் கழித்தும் வருகிறார். ஆனால் எதுவுமே ஓடாத வேளையிலும் அந்த எண் மூன்றிலேயே நின்றுவிடுவது ஏன் என்று கேட்கிறார்.

கழிக்க வேண்டிய நிரல் கழிப்பதற்கு முன்பே இறந்துபோவதுதான் காரணம். கொல்லப்பட்ட நிரல் தன் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போவதில்லை. கூட்டுவதையும் கழிப்பதையும், ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டும் அனுமதிக்கும் கோப்புப் பூட்டுக்குள் வைத்துச் செய்தாலும் இந்தக் குறை தீராது. இரண்டு நிரல்கள் ஒரே கணத்தில் எண்ணைத் திருத்துவதை அந்தப் பூட்டுத் தடுக்குமே தவிர, இறந்தவரின் பங்கை யாரும் கழிக்கப் போவதில்லை. எனவே எண்ணிக்கையை எழுதி வைக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாக இடம் ஒன்று, இடம் இரண்டு, இடம் மூன்று என்று மூன்று வெற்றுக் கோப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் தொடங்கியதும் முதலாவது கோப்பை, ஒன்பதாம் இலக்க ஃபைல் டிஸ்கிரிப்டரில் (திறந்த கோப்புக்கு நிரல் வைத்திருக்கும் எண்) என்று வைத்துக்கொள்வோம், திறந்து, கோப்பைப் பூட்டும் ஃப்ளொக் கட்டளையை 'காத்திருக்காதே' என்று பொருள்படும் 'என்' என்ற ஆங்கில எழுத்துத் தெரிவுடன் அழைத்து, பூட்டக் கேட்கட்டும். பூட்டுக் கிடைத்தால் வேலையைத் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் அதை மூடிவிட்டு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை முயலலாம். ஒரு கோப்பின் தனியுரிமைப் பூட்டு ஒரு நேரத்தில் ஒருவரிடமே இருக்க முடியும் என்பதால், மூன்று கோப்புகள் இருக்கும்வரை நான்காவது நிரலுக்கு வழியே இல்லை.

இதன் பலம் பூட்டு எங்கே இருக்கிறது என்பதில் தங்கியுள்ளது. ஃப்ளொக் இடும் பூட்டுக் கோப்பின் உள்ளே எழுதப்படுவதில்லை. திறந்திருக்கும் அந்தக் கோப்போடு இணைத்துக் கேர்னல் அதைத் தன் நினைவில் வைத்திருக்கிறது. நிரல் ஒழுங்காக முடிந்தாலும், நிரலை உடனே கொல்லும் ஒன்பதாம் இலக்க சிக்னலால் கொல்லப்பட்டாலும், அதனிடம் திறந்திருந்த கோப்புகளைக் கேர்னல் மூடுகிறது. அந்த டிஸ்கிரிப்டரின் கடைசிப் பிரதியும் மூடப்பட்டவுடன் பூட்டும் போய்விடுகிறது. 2022இல் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த நமக்கு இது சிறிய ஆறுதல் அல்ல: சேர்வர் திடீரென்று அணைந்து மீண்டும் எழும்போது வெற்றுக் கோப்புகள் மட்டுமே எஞ்சியிருக்கும், பூட்டு எதுவும் எஞ்சியிருக்காது.

கடைசிப் பிரதி என்று சொன்னதைக் கவனியுங்கள், சிக்கல் வருவது அங்கேதான். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷில் திறந்த டிஸ்கிரிப்டர் அது தொடக்கும் பிள்ளை நிரல்களுக்கும் போய்ச் சேரும். ஸ்கிரிப்ட் கொல்லப்பட்ட பின்னும் எஃப்எஃப்எம்பெக் ஓடிக்கொண்டிருந்தால் இடம் பிடிக்கப்பட்டே இருக்கும்; நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அதே ஸ்கிரிப்ட் பின்னணியில் நாட்கணக்காக ஓடும் வேறொரு நிரலைத் தொடக்கிவிட்டால், வேலை முடிந்த பிறகும் அந்த நிரல் பூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படியானவற்றைத் தொடக்கும் வரியிலேயே ஒன்பதாம் டிஸ்கிரிப்டரை மூடிவிட வேண்டும். யார் எந்தப் பூட்டை வைத்திருக்கிறார் என்று பார்க்க எல்எஸ்லொக்ஸ் கட்டளை உதவும்.

வேலை முடிந்ததும் பூட்டுக் கோப்பை அழித்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு, தயவுசெய்து அழிக்காதீர்கள். பழைய கோப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் ஒருவரும், அதே பெயரில் புதிதாக உருவான கோப்பைத் திறந்த இன்னொருவரும் வெவ்வேறு கோப்புகளைப் பூட்டிவிட்டு, இருவருமே இடம் கிடைத்ததாக நினைத்து ஓடுவார்கள். வெற்றுக் கோப்பு அங்கேயே கிடக்கட்டும், அதனால் நட்டமில்லை. அது சேர்வரின் சொந்த டிஸ்கில் இருப்பது நல்லது. வேறு கணினியிலிருந்து வலையமைப்பில், என்எஃப்எஸ் வழியாக வரும் கோப்புறையில் ஃப்ளொக் வேறு வகைப் பூட்டாக மாற்றப்படுவதால் நடத்தையும் மாறக்கூடும்.

மூன்று இடங்களும் நிரம்பியிருந்தால் என்ன செய்வது? முதலாவது பூட்டில் மட்டும் போய்க் காத்திருப்பது, மூன்று நாற்காலி உள்ள சலூனில் ஒரே நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பது போன்றது. பக்கத்து இடம் காலியானது தெரியவே வராது. உங்கள் விடயத்தில் க்ரொன் எப்படியும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும் என்பதால், இடமில்லாத ஸ்கிரிப்ட் பேசாமல் வெளியேறிவிடுவதே நல்லது. எடுக்கப்படாத பதிவு அடுத்த முறை எடுக்கப்படும். ஒரே பதிவை இருவர் எடுக்காமலிருக்க, பதிவுக்கென்று தனிப் பூட்டு வேண்டும். அதை இந்த மூன்றும் செய்யாது. முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற ஒழுங்கு கட்டாயமாகத் தேவைப்படுமானால், பூட்டுகளை விட்டுவிட்டு, பணிகளை வரிசைப்படுத்தும் மென்பொருளொன்றுக்குப் போய்விடுங்கள்.

வகுப்பு நேரலை நடக்கும் மாலை வேளைகளில் இரண்டு போதும் என்று நினைத்தால், ஸ்கிரிப்டைத் திருத்தவே வேண்டாம். மூன்றாவது கோப்பின் மீது ஃப்ளொக்கை அழைத்து, அதற்குள், எதுவும் செய்யாமல் காத்திருக்கும் ஸ்லீப் கட்டளையை 7200 விநாடிகளுக்கு ஓடவிடுங்கள். அந்த இடம் காலியானதும் ஸ்லீப் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணித்தியாலம் கழிந்ததும் தானாகவே விட்டுவிடும்.